ஆற்றில் நிற்பவளைப் பார்க்கப் போனோம்

ஓய்வு பெற்ற பிறகு நான் உட்கார்ந்த இடங்களைச் சொல்வதைவிட எழுந்து போன இடங்களைச் சொல்வது சுலபம். கல்யாண வீட்டில் பந்தி போடுவதற்குள் எழுந்துவிடுவேன். கோயிலில் தீபாராதனை முடியுமுன் வெளியே வந்துவிடுவேன். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை போடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் காரணமே இல்லாமல் நடந்துவிட்டு வருகிறேன். "தெனமும் அங்க உங்களுக்கு என்னதான் சோலி?" என்று என் தம்பி மனைவி கேட்கிறாள். வேலைக்காலம் முழுக்க நர்ஸாக வார்டு வார்டாக நடந்த கால்கள். எனக்கு வந்த ஓய்வு உத்தரவு அவற்றுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

கடைசியாக நான் வேலை பார்த்தது போடியில் ஒரு ஆஸ்பத்திரியில். சில மாதங்களுக்கு முன் அங்கே ஒரு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னைக் காட்டி இன்னொருத்தியிடம், "ஓடுற ஜீப்புலயே பிரசவம் பாத்தவுக இவுகதான்" என்றாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போய்த் திருத்தினேன். "பிரசவம் ஆஸ்பத்திரியிலதான் நடந்துச்சு. ஜீப்புல நடந்தது வேற."

"என்ன நடந்துச்சு சிஸ்டர்? எழுதிக் குடுங்களேன், நாங்களும் தெரிஞ்சுக்கறோம்" என்றாள் அவள்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். அதற்குள் சென்னைக்குப் போய் ஓர் ஓவியத்தைப் பார்த்துவிட்டு வரும்படி ஆயிற்று. ஜீப்புக் கதையும் ஓவியக் கதையும் எனக்கு ஒன்றுதான் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சிலமலை. மதுரையில் நர்ஸ் படிப்பு. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெள்ளைச் சேலை, விடுதிச் சாம்பார், வார்டன் மேல் பயம், அவ்வளவுதான். படித்து முடித்த கையோடு, மலைமேல் ஓர் ஏலத்தோட்ட ஆஸ்பத்திரியில் இடம் இருப்பதாகச் சொன்னார்கள். போடிமெட்டைத் தாண்டி, கேரளப் பக்கம். குளிருக்கும் அட்டைக்கும் பயந்து யாரும் போகாத இடம் என்பதால் எனக்கு உடனே கிடைத்தது.

தகரக்கூரை போட்ட நீளமான கட்டடம். மழைக்காலத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அங்கே எங்களுக்கெல்லாம் தலைமை அன்னம்மா டாக்டர். கோட்டயம் பக்கத்துக்காரர். ஒல்லியான, குள்ளமான உருவம். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர், காலில் ரப்பர் செருப்பு. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும். அவருக்கு இறங்கும். திட்டு வாங்குவதற்கே நாங்கள் பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும். மழை நாளில் இன்னும் பக்கத்தில்.

பிரசவ அறையில் நாற்காலி கிடையாது. அவர் போட விடவில்லை. "இருந்தா உறங்கும்" என்பார். குழந்தை பிறந்து, நஞ்சுக்கொடி விழுந்து, எல்லாரும் அப்பாடா என்று மூச்சு விடும் நேரத்தில்தான் அவருக்கு வேலை தொடங்கும். தாயின் பக்கத்தை விட்டு நர்ஸ் நகரக் கூடாது. தொப்புளுக்குக் கீழே கை வைத்தால் கருப்பை விளாங்காய் போலக் கெட்டியாக இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நாடியைப் பிடித்துப் பார்த்து, விரித்த துணியில் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று எடுத்துப் பார்க்க வேண்டும். அவர் வந்து, "எப்படி உண்டு?" என்று கேட்பார். ஒருமுறை நான் "நார்மல் டாக்டர்" என்றேன்.

குரல் இறங்கிவிட்டது. "நார்மல்னு பறயண்டா சிஸ்டரே. கண்டதைச் சொல்லு." நார்மல் என்று சொல்லாதே, கையும் கண்ணும் கண்டதைச் சொல் என்று.

அன்று முதல் இன்று வரை அந்தச் சொல்லை நான் நோயாளி விஷயத்தில் பயன்படுத்தியதில்லை.

அந்த அறையில் மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாமல் இருந்த ஒரே பொருள் ஒரு படம். பிரசவக் கட்டிலுக்கு நேர் எதிர்ச் சுவரில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் இருந்தது. டாக்டரம்மா சென்னையில் படித்த காலத்தில் அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் அசல் ஓவியத்தைப் பார்த்திருக்கிறார். வாசலில் அதன் அச்சுப்படம் விற்றதை வாங்கி வந்திருக்கிறார். ஏன் இங்கே மாட்டினீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "மேல நோக்கிக் கிடந்தா பல்லி. நேரே நோக்கினா ஒரு ஆளாவது இருக்கட்டும்" என்றார்.

அந்த ஆள் ஒரு பெண். ஆற்றுக்குள் முழங்கால் தண்ணீரில், நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். நீலச் சேலையைத் தூக்கிச் செருகியிருக்கிறாள். தலையை மட்டும் பாதி திருப்பியிருக்கிறாள். ஒரு கன்னமும் காது நுனியும் தெரியும், கண் தெரியாது. அக்கரையில் புல், அதற்கு மேல் மங்கலான வானம். வேறு ஒன்றும் இல்லை.

வலி விட்டு விட்டு வரும்போது பெண்கள் அவளைப் பற்றிப் பேசுவார்கள். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு ஆத்தா வீட்டுக்குப் போகிறாள் என்பாள் ஒருத்தி. அக்கரையில் மாடு மேய்கிறதா என்று பார்க்கப் போகிறாள் என்பாள் இன்னொருத்தி. "சாகப் போறாளோ என்னமோ" என்று ஒருத்தி சொல்லப் போக, கூட வந்த மாமியார் அவள் வாயைப் பொத்தினார். வலியோடு வலியாக எல்லாரும் சிரித்தோம்.

நான் எதுவும் சொன்னதில்லை. ஆனால் எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. அவள் போகிறாள். யாரிடமும் கேட்காமல், எங்கே என்று சொல்லாமல் போகிறாள். போதும், இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதற்கு அந்தப் பாதித் திரும்பல். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் வேலையை விடச் சொன்னார்கள். அந்த வருடங்களில், நாற்காலி இல்லாத அந்த அறையில் நின்றுகொண்டே அவளை எவ்வளவு நேரம் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அவள் என் சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டாள். எனக்குப் பதிலாக அவள் போய்க்கொண்டிருந்தாள்.

பாண்டியம்மா பிரசவத்துக்கு வந்தது நல்ல மழைக்காலம். குரங்கணிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்து ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தவள். முதல் பிரசவம். மத்தியானத்துக்கு முன்பே பெண் குழந்தை பிறந்தது. ஒரு சிக்கலும் இல்லை. நஞ்சுக்கொடியும் முழுசாக வந்தது. ஆயா குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பாண்டியம்மாவின் வயிற்றில் கை வைத்தேன்.

விளாங்காய் இல்லை. பிசைந்த மாவு.

டாக்டரம்மா வருவதற்குள் கீழே விரித்த துணி நனைந்து, அதற்குக் கீழே விரித்ததும் நனைந்துவிட்டது. அவர் அடுத்தடுத்துச் செய்ததை அப்படியே சொல்கிறேன். வயிற்றின்மேல் அழுத்தித் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கருப்பை இறுகியது, கையை எடுத்ததும் தளர்ந்தது. குழாய் போட்டுச் சிறுநீரை வெளியேற்றினார். கருப்பை சுருங்குவதற்கான ஊசிகளைப் போட்டார். இரண்டு கையிலும் சலைன் ஏற்றச் சொன்னார். விளக்கைப் பிடிக்கச் சொல்லி, உள்ளே எங்காவது கிழிந்திருக்கிறதா என்று பார்த்தார். கிழியவில்லை. ரத்தம் நிற்கவும் இல்லை. போடிக்குப் போன் போட்டுத் தெரிந்த சர்ஜனிடம் பேசினார். பேசிவிட்டு வந்தபோது குரல் தரையில் கிடந்தது.

"போடிக்குப் போணும். இப்போ."

பிறகு தன் வலது கையை உள்ளே செலுத்தி முஷ்டி பிடித்தார். இடது கையை வயிற்றின்மேல் வைத்து, இரண்டுக்கும் நடுவில் கருப்பையை அகப்படுத்தி அழுத்தினார். ரத்தம் குறைந்தது. கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்டெ கை சின்னது. உன் கை வரட்டும்."

அப்பா வயலில் களை எடுத்து வளர்ந்த கை என்னுடையது. விடுதியில் அதைக் கேலி செய்திருக்கிறார்கள். நீள உறையை மாட்டிக்கொண்டு அவர் கை இருந்த இடத்தில் என் கையை வைத்தேன். "கை எடுக்கல்லே" என்றார், கையை எடுத்துவிடாதே என்று. "நான் பறயும்வரை."

தோட்டத்து ஜீப்பில் பின்னால் மெத்தை போட்டு அவளைக் கிடத்தினார்கள். நான் அவள் காலடியில் மண்டியிட்டு, முதுகை ஜீப்பின் பின்கதவில் முட்டுக் கொடுத்துக்கொண்டேன். டாக்டரம்மா தலைமாட்டில் ஒரு கையில் சலைன் பாட்டில், மறு கை விரல் அவள் கழுத்து நாடியில். மணிக்கட்டில் நாடி கிடைக்காமல் போயிருந்தது. முன்னால் டிரைவர் தங்கராசு. பக்கத்தில் பாண்டியம்மாவின் புருஷன், திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். குழந்தை மேலே ஆஸ்பத்திரியில் ஆயாவிடம்.

மெட்டு இறங்கும்போது மஞ்சு மூடியிருந்தது. எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் என் உடம்பு ஒரு பக்கம் போகும், கை மட்டும் போகக் கூடாது. முதலில் தோள் வலித்தது. பிறகு முழங்கை. பிறகு வலி போய், அது என் கை இல்லை என்று ஆகிவிட்டது. அப்போதுதான் பயம் வந்தது. அழுத்திக்கொண்டிருக்கிறேனா, சும்மா வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை.

"பாண்டி, பேசு" என்றேன். "என்னத்தையாவது பேசு."

"தூக்கமா வருது சிஸ்டரு."

"தூங்காத. புள்ளைக்கு என்ன பேரு வைக்கப் போற?"

பதில் வரவில்லை.

கொஞ்ச தூரத்தில் ஜீப் நின்றது. முன்னால் ஒரு பஸ், அதற்கு முன்னால் நாலைந்து ஜீப்புகள். தங்கராசு இறங்கி ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு நனைந்துகொண்டு வந்தார். "மண்ணு சரிஞ்சு ரோட்டை மூடிருச்சு டாக்டரம்மா. அள்ளிப் போட சாயந்தரம் ஆயிரும்."

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். "அப்புறத்து வண்டி உண்டோ?" மண்ணுக்கு அந்தப் பக்கம் வண்டி இருக்கிறதா என்று.

தங்கராசு மறுபடி ஓடினார். சேற்றில் ஏறி அந்தப் பக்கம் போனவர், கீழேயிருந்து காய்கறி லோடு ஏற்றி வந்து நின்ற ஒரு ஜீப்புக்காரரைப் பிடித்துவிட்டார். அந்த மனிதரை எனக்கு யாரென்று தெரியாது. மூட்டைகளைத் தானே மழையில் ரோட்டோரம் இறக்கிப் போட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இனி அவளை இந்த ஜீப்பிலிருந்து அந்த ஜீப்புக்குக் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸிலிருந்து ஆண்கள் இறங்கி வந்து மெத்தையின் மூலைகளைப் பிடித்தார்கள். பெண்களும் இறங்கினார்கள். யாரும் சொல்லாமல், குடையையும் துண்டையும் முந்தானையையும் விரித்துச் சுற்றிலும் மறைப்புக் கட்டினார்கள். நான் குனிந்தபடி, கை இருந்த இடத்தில் இருக்க, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தேன். டாக்டரம்மா பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் ஒரே கால். நான் சொல்லும்போது" என்றார். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வோர் அடியாக அந்தக் கூட்டம் நகர்ந்தது. அவருடைய ரப்பர் செருப்பில் ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு வந்தார்.

நடுவில் ஒருவர் கால் முழங்கால்வரை புதைந்துவிட்டது. மெத்தை சாய்ந்தது. என் கை வழுக்கிற்று. சூடாக முழங்கைவரை வழிந்தது. பழைய இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

"சிஸ்டரே" என்றார் டாக்டரம்மா. அவ்வளவுதான் சொன்னார்.

"புடிச்சுட்டேன் டாக்டர்."

போடியில் சர்ஜன் தயாராக இருந்தார். ஆபரேஷன் மேசையில் "விடுங்க சிஸ்டர்" என்று அவர் சொன்னபோது என் விரல்கள் விரியவில்லை. அங்கிருந்த நர்ஸ் ஒவ்வொரு விரலாக நிமிர்த்திவிட்டாள். சேதி தெரிந்து ஜீப்பு டிரைவர்கள் ரத்தம் கொடுக்க வந்து வரிசையில் நின்றார்கள். தங்கராசு முதல் ஆள். கருப்பையை எடுத்துத்தான் அவளைக் காப்பாற்ற முடிந்தது.

டாக்டரம்மா புருஷனிடம் போய்ச் சொன்னார். "உயிரு உண்டு. இனி பிரசவம் இல்லா."

"அப்ப இனிமே புள்ளையே கெடையாதா?" என்றான் அவன்.

"ஒண்ணு உண்டல்லோ. மேல கரஞ்சுகொண்டிருக்கும், போய் நோக்கு" என்றார் அவர். அழுதுகொண்டிருக்கும், போய்ப் பார் என்று. காலில் ஒரே ஒரு செருப்போடு நின்றுகொண்டு அதைச் சொன்னார்.

அவன் குழந்தையைப் போய்ப் பார்த்தான். கொஞ்ச காலம் இருந்தான். குழந்தை நடக்கத் தொடங்கும்போது கம்பம் பக்கம் வேலைக்கென்று போனவன் அங்கே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். ஆண் பிள்ளை வேண்டும் என்று அவன் வீட்டார் சொன்னதாகப் பேச்சு. பாண்டியம்மா ஏலக்காய் எடுத்தே மகளை வளர்த்தாள். மகள் பெயர் ஜோதி.

தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் நான் ஒன்றைக் கவனித்தேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தால் பிரசவ அறை தெரியும். கதவு திறந்திருந்தால் அந்தப் படமும் தெரியும். பாண்டியம்மா அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்காருவாள். டாக்டரம்மாவும் கவனித்திருக்கிறார். ஒருநாள் வந்து பார்த்தால் பெஞ்சு வராந்தாவின் மறுகோடிக்குப் போயிருந்தது.

என்னிடம் பாண்டியம்மா மரியாதையாகத்தான் பேசுவாள். ஆனால் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாள். புருஷன் போனபிறகு அது இன்னும் கூடியது. பிழைக்க வைத்ததற்காக என்மேல் வருத்தமோ என்று நினைப்பேன். அப்படி ஒரு கேள்வியை எப்படிக் கேட்பது? கேட்க ஒருநாளும் வாய் வரவில்லை. வேறு எந்த நோயாளியைப் பற்றியும் எனக்கு அப்படி ஒரு நமநமப்பு இருந்ததில்லை.

டாக்டரம்மா ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். சில வருடங்களில் காலமாகிவிட்டார். ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே சுண்ணாம்பு அடிக்கக் கழற்றிய படத்தை எங்கே வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். போடிக்கு வேலை மாறி வந்தேன். பாண்டியம்மாவும் பிறகு கீழே வந்து, ஏலக்காய்க் கிடங்கில் காய் பொறுக்கும் வேலையில் சேர்ந்தாள். கடைத்தெருவில் பார்த்தால் "நல்லா இருக்கீகளா சிஸ்டரு?" என்பாள். போய்விடுவாள். ஜோதி படித்து, சென்னையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போனாள். அவள் மட்டும் என்னை அத்தை என்று கூப்பிட்டு, அடிக்கடி போனில் பேசுவாள்.

அந்த ஜோதிதான் ஒருநாள் போன் செய்தாள். கூட வேலை பார்ப்பவர்களோடு அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறாள்.

"அத்தே, நம்ம ஆஸ்பத்திரி பொம்பள இங்க இருக்கா."

"எந்தப் பொம்பள?"

"ஆத்துல நிக்கிறவ. நான் சின்னப் புள்ளையில எட்டி எட்டிப் பாப்பேன்ல, அம்மா அடிக்கும். அவளேதான். உள்ள போட்டோ எடுக்க விடமாட்டாங்க. நீங்க நேர்ல வாங்க."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இப்போது போடியிலிருந்தே சென்னைக்கு ரயில் இருக்கிறது. டிக்கெட் எடுக்கப் போகும் வழியில் பாண்டியம்மாவைப் பார்த்தேன். மகளைப் பார்க்கப் போகிறேன், ஏதாவது கொடுத்துவிட வேண்டுமா என்று கேட்டேன். எதைப் பார்க்கப் போகிறேன் என்றும் மறைக்காமல் சொன்னேன்.

"நானும் வர்றேன்" என்றாள்.

ரயிலில் அவள் படுத்துத் தூங்கினாள். நான் பெட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும், பார்க்க வந்ததை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்த்தேன். பழைய காசு, செப்புப் பாத்திரம், கல்லில் செதுக்கிய யாளி. ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருந்ததைப் படித்தேன். "அத்தே, இந்தப் பக்கம்" என்று ஜோதி கையைப் பிடித்து இழுத்தாள். ஓவிய அறை வாசலில் ஒரு பெஞ்சு. பாண்டியம்மா அதில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க பாத்துட்டு வாங்க சிஸ்டரு. நான் இங்கன இருக்கேன்."

நான் உள்ளே போனேன். எனக்கு எதிரே என்னைவிட உயரமாக ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். சேலை சிவப்பு. பழுத்த மிளகாய்ச் சிவப்பு.

இவள் யாரோ என்றுதான் முதலில் தோன்றியது. எங்கள் படம் வெயிலும் ஆவியும் பட்டுச் சாயம் போயிருக்க வேண்டும். சிவப்பும் மஞ்சளும் போய் நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நான் அத்தனை வருடம் பார்த்தது அந்த மிச்சத்தை. அதே கழுத்து, அதே கன்னம், அதே காது நுனி. ஆனால் ஆள் வேறு. அச்சில் அவள் கரைந்துபோகிறவள். இங்கே தண்ணீருக்குள்ளும் கெண்டைக்கால் சதை தெரிகிறது, முதுகில் வேர்வை மினுங்குகிறது. வெளியே வந்தேன். மறுபடி உள்ளே போனேன். மறுபடி வந்தேன். காவலாளி என்னையே பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"என்ன சிஸ்டரு?" என்றாள் பாண்டியம்மா.

"சேலை சிவப்பு பாண்டி."

"செவப்பா? நீலம்ல?"

அவளும் மறக்கவில்லை என்று அப்போது தெரிந்தது. நான் பெஞ்சு ஓரத்தில் நின்றேன். அவள் அறை வாசலைப் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னைக்குக் கட்டில்ல கெடந்தப்ப அவளத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஜீப்புல கண்ணை மூடுனாலும் அவதான் தெரிஞ்சா. முன்னால போயிட்டே இருந்தா. நானும் பின்னாலேயே போனேன். வலி இல்ல, குளுரு இல்ல, அம்புட்டு நல்லா இருந்துச்சு. நீங்கதான் விடல. உள்ளுக்குள்ள புடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தீக. அப்ப உங்க மேல எனக்கு வந்த கோவம் இருக்கே சிஸ்டரு... அந்தாளு போனப்பெறகு அது இன்னும் கூடிப்போச்சு. அன்னைக்கே விட்டுருந்தா இந்தப் பாடு இல்லியேன்னு. உங்க மூஞ்சியப் பாக்க முடியாம, அவளையும் பாக்க முடியாம..."

ஜோதி தாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது.

பாண்டியம்மா எழுந்தாள். சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். நானும் போனேன். ஓவியத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். "தள்ளி நில்லுங்கம்மா" என்றார் காவலாளி. ஓரடி பின்வாங்கி, மேலிருந்து கீழாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நிதானமாகப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்று கை விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தேன். அவளைக் கூட்டி வந்தது தப்போ, இங்கேயே அழுதுவிடுவாளோ என்று பதறிக்கொண்டிருந்தேன்.

அவள் சிரித்தாள்.

"ஏ சிஸ்டரு. இங்கிட்டு ஓரத்துல பாத்தீகளா?"

இடது ஓரத்தில் இக்கரை கொஞ்சம் தெரிந்தது. ஒரு பாறை. பாறைமேல் துவைத்துப் பிழிந்து காயப்போட்ட துணிகள். ஒரு வேட்டி, ஒரு பழைய ரவிக்கை, சின்னக் குழந்தையின் சட்டை ஒன்று. எங்கள் ஆஸ்பத்திரிப் படத்தில் இது இல்லவே இல்லை. அச்சிட்டவர் வெட்டினாரா, சட்டம் போட்ட தச்சர் மடித்துவிட்டாரா, தெரியவில்லை. நானும் அவள் முகத்தையும் சேலையையும் மட்டும் பார்த்துவிட்டு இரண்டு தடவை வெளியே ஓடியிருக்கிறேன்.

"இவ எங்கயும் போகல. துணி தொவைக்க வந்தவ. காயப்போட்டது காத்துல பறக்குதான்னு திரும்பிப் பாக்குறா" என்றாள் பாண்டியம்மா. "ஆத்தாடி, இவ பின்னால போயில்ல நான் சாகப் பாத்தேன்!"

அவள் சிரிப்பு அந்த உயரமான அறை முழுக்கக் கேட்டது. "சத்தம் போடக் கூடாதும்மா" என்றார் காவலாளி. ஜோதி தாயின் தோளைப் பிடித்து அடக்கப் பார்த்து, தானும் சிரிக்கத் தொடங்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை காலம் எனக்காகப் போய்க்கொண்டிருந்த ஒருத்தியை யாரோ கூப்பிட்டு வீட்டு வேலைக்கு நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. நான் அவளை மறுபடி பார்த்தேன். துணியோ, மாடோ, என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும், முகத்தை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்ப மாட்டாளா என்று இருந்தது. திருப்பவில்லை.

அப்போதுதான் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை, வாய் தானாக வந்தது.

"பாண்டி, அந்தக் கோவம் இப்பவும் இருக்கா?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். மரியாதைக்காகச் சொல்லும் பதில் இல்லை, உண்மையாகவே தேடிப் பார்த்தாள்.

"அது எப்பப் போச்சுன்னு தெரியல சிஸ்டரு. ஒருநா மழை. காய் எடுத்துக்கிட்டிருக்கேன். இவ பள்ளிக்கூடம் விட்டு நனைஞ்சுக்கிட்டு வந்து, ஏலச்செடிக்குள்ள பூந்து என்னையத் தேடுறா. 'அம்மா, அம்மா'ன்னு கத்துறா. நான் பதில் குடுக்காம ஒளிஞ்சு நின்னு வெளையாட்டுக் காட்டுனேன். அப்ப நெனைச்சுப் பாத்தேன். கோவத்தைக் காணோம்." பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். "உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கூச்சமாப் போச்சு."

தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஏ புள்ள, பசிக்குது" என்று மகளிடம் திரும்பினாள். "இங்கன எங்கயாவது மீன் கொழம்பு கெடைக்குமா?"

அடுத்த தெருவில் ஒரு மெஸ் இருந்தது. கூட்டம். ஜோதி இடம் பிடித்துக் கொடுத்தாள். பாண்டியம்மா இலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து, முள்ளைப் பொறுக்கி ஓரமாக வைத்து, அவசரமில்லாமல் சாப்பிட்டாள். சோறு தீர்ந்ததும் பரிமாறுபவரைக் கூப்பிட்டு மறுபடி போடச் சொன்னாள். ரசத்துக்கும் ஒருமுறை வாங்கிக்கொண்டாள். நான் என் இலையைத் தொடாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என்ன சிஸ்டரு பாக்குறீக? உங்களுது ஆறுதுல்ல. சாப்பிடுங்க."

"சாப்பிடுறேன்" என்றேன்.